கீழத்தெருவுக்குத் திரும்பிய கோயில்

மேய்ப்பன்விளைக் கோயில் திரும்ப ஆரம்பித்ததை முதலில் பார்த்தது ஜீவரத்தினம்தான், அதுவும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருந்த நேரத்தில், வாணலியில் நெத்திலிக் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்தபோது பார்த்தாள். இத்தனை வருஷமாக அவள் அடுப்பாங்கரை ஜன்னலுக்கு நேராக நின்ற ஆல்டர் கண்ணாடி, அதாவது பலிபீடத்துக்குப் பின்சுவரில் உள்ள வண்ணக் கண்ணாடி, இப்போது ஒரு முழம் தள்ளி முருங்கை மரத்துக்குப் பின்னால் போயிருந்தது. அவள் அடுப்பைக் குறைத்துவிட்டு நன்றாக ஒரு பார்வை பார்த்தாள், "திரும்பட்டும், திரும்பட்டும்" என்றாள், மறுபடியும் அடுப்பைக் கூட்டிவிட்டுக் கருவாட்டைக் கவனிக்கப் போய்விட்டாள். கோயில் திரும்புவதைவிடக் கருவாடு கருகுவது அவளுக்கு அந்த நேரத்தில் பெரிய விஷயமாக இருந்தது.

அந்தக் கோயிலைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அதைக் கட்டிய பெல்ட்டன் ஐயர் சீமையிலிருந்து வந்த மிஷனரி. தேரி மேட்டுச் செம்மணலில் ஒரு குடைக்குக் கீழே உட்கார்ந்து, தான் பிறந்த ஊர்க் கோயிலை மனசிலிருந்து எடுத்து அப்படியே படமாகப் போட்டார். மனசிலிருந்து எடுத்தால் வேண்டியது வேண்டாதது எல்லாம் சேர்ந்துதானே வரும்? பனிக்கட்டி தங்காமல் வழுக்கி விழுவதற்காகச் செங்குத்தாக இறங்கும் கூரை வந்தது. பனிக்கட்டியை விடுங்கள், மழையே அந்தப் பக்கம் வழி தவறித்தான் வரும். குருவானவர் அங்கி மாற்றும் அறையில் குளிர்காய ஒரு கணப்பு அடுப்பு வந்தது. அதில் இன்றைக்கும் கிறிஸ்மஸ் நட்சத்திரங்களை மடித்து வைத்திருக்கிறார்கள். சுண்ணாம்பு, கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர், முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து அரைத்த காரையில் சுவர் எழும்பியது, சபையார் வீட்டுக்கு வீடு முட்டை கொடுத்ததில் அந்தக் காலத்துக் கோழிகள் குஞ்சு முகம் பார்க்காமலே செத்துப்போயின, கருப்பட்டி சேர்ந்த புண்ணியத்தில் மழை பெய்தால் இன்றும் சுவரில் எறும்பு ஏறும். மேற்கே மேலத்தெருவைப் பார்த்துப் பெரிய வாசல், வாசலுக்கு மேல் மணிக்கோபுரம், கூர்வளைவுகளும் தேக்கு உத்தரங்களுமாக நீண்ட உள்கட்டு, கிழக்குக் கோடியில் ஆல்டர். வடக்கிலும் தெற்கிலும் பக்கவாசல்கள் இருந்தன. எந்தக் குடும்பம் எந்த வாசல் வழியாக வருவது என்று ஒரு காலத்தில் சண்டை வந்ததில், சமாதானத்துக்காக இரண்டையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள்.

ஆல்டருக்குப் பின்னால் கீழத்தெரு. அந்தத் தெருவின் வீடுகள் கிழக்கே பார்த்தவை, கோயிலுக்கு அவை முதுகைக் காட்டிக்கொண்டும் கோயில் அவற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டும் சண்டையில்லாமல் இருந்து வந்தன. அதில் ஒன்றுதான் ஜீவரத்தினத்தின் வீடு, ஊருக்கு அவள் ரத்தினம். பின்முற்றத்தில் ஆட்டுக்கொட்டில், முருங்கை மரம், அப்புறம் கோயில் மதில். இவ்வளவு பக்கத்தில் இருந்துகொண்டு அவள் கோயிலுக்குப் போவதை நிறுத்தி ஒரு வருஷத்துக்கு மேலாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் தொடங்கும் நேரம் பார்த்துக் கருவாடு வறுப்பாள். மணம் கண்ணாடி இடுக்கு வழியாக உள்ளே போகும், சபையார் வயிறு கூப்பிடும், குருவானவர் மூன்றாவது குறிப்பை விட்டுவிட்டு ஆமென் சொல்லிவிடுவார். இதற்காகவே சிலர் அவளை மனசுக்குள் வாழ்த்தினார்கள்.

அவள் கோபத்துக்குக் காரணம் மணி. மேய்ப்பன்விளையில் யாராவது இறந்தால் கோயில் மணியை ஒற்றை ஒற்றையாக, இழுத்து இழுத்து அடிப்பார்கள். கேட்டவர்கள் கையிலிருந்த வேலையைப் போட்டுவிட்டுத் தெருவுக்கு வந்து "யாருக்கு மணி?" என்று கேட்பார்கள், பதில் வாய்க்கு வாய் போகும், அப்புறம் ஊரே திரண்டு துட்டி வீட்டுக்குப் போகும். ரத்தினத்தின் புருஷன் எலியேசர் மைக்செட் வைத்திருந்தவர். கல்யாணம், கோயில் அசன விருந்து, பந்தல் எதுவானாலும் அவர் குரல்தான் ஊருக்குக் கேட்கும், அறிவிப்புக்கு நடுவே ஒரு கேலி இல்லாமல் அவருக்கு மைக்கை அணைக்கத் தெரியாது. அவருக்கு நெஞ்சுவலி வந்து பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பிழைத்துத் திரும்பி வந்தபோது, நோயாளி தூங்குகிறாரே என்று ஆம்புலன்ஸ் டிரைவர் சங்கு ஊதாமல் வந்தார், வெயிலுக்கு எலியேசர் போர்வையை முகத்துக்கு மேல் இழுத்து விட்டிருந்தார். சங்கு ஊதாமல் வருகிற ஆம்புலன்ஸில் வருவது பிணம்தான் என்று மேய்ப்பன்விளையில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். கோயில்பிள்ளை மாசிலாமணி, கோயிலைத் திறந்து பூட்டி மணியடிக்கிறவர், பாலத்தில் வண்டியைக் கண்டதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தார்.

வண்டி வீட்டுக்கு வந்து சேரும்போது தெருவே அழுதுகொண்டிருந்தது. போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்த எலியேசர், "எந்த வீட்ல துட்டி?" என்று கேட்டார். அழுகை அப்படியே சிரிப்பாக மாறி, அன்று சாயங்காலம் வரை அடங்கவில்லை. மறுநாள் அவர் மைக்கைப் போட்டு, துட்டிக்கு வந்த அனைவருக்கும் நன்றி, ஏற்பட்ட ஏமாற்றத்துக்கு வருந்துகிறோம் என்று அறிவித்தார். அதற்கப்புறம் ஆறேழு மாசம் அவர் பேச்செல்லாம் இதுதான். யார் எப்படி அழுதார்கள், யார் அழுவதுபோல் பாவனை பண்ணினார்கள் என்று நடித்துக் காட்டுவார்.

ஐப்பசி மழையில் அவர் நிஜமாகவே போய்விட்டார். ரத்தினம் நனைந்துகொண்டே கோயிலுக்கு ஓடி மணியடிக்கச் சொன்னாள். மாசிலாமணி கயிற்றில் கை வைக்கவும், குடையோடு வந்து சேர்ந்தார் சபைச் செயலாளர் ஞானசிகாமணி, ரிட்டயர்டு தலைமையாசிரியர். "எலியேசருக்கு அடிச்சாச்சு. ஒரு ஆளுக்கு ஒரு மணிதான். ரெண்டாவது மணி அடிச்சா அது இன்னொரு ஆளைக் கேக்கும்" என்றார். பல்லி சொன்னால் நிற்காதே, பூனை குறுக்கே போனால் திரும்பாதே என்று மேடையேறிப் பேசுகிற சபைக் கமிட்டி முழுவதும் அதற்குத் தலையாட்டியது. மணி அடிக்கவில்லை. சேதி மெல்லத்தான் பரவியது, மழையில் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள், வந்தவர்களும் எலியேசரின் இன்னொரு வேடிக்கை என்று நினைத்துச் சிரித்துக்கொண்டே படியேறினார்கள். உள்ளே வந்து பெட்டியைப் பார்த்த பிறகுதான் முகத்தை மாற்றிக்கொண்டார்கள். ரத்தினத்துக்கு மணியடிக்காததுகூட ஆறியிருக்கும். அந்தச் சிரித்த முகங்கள்தான் ஆறவில்லை. அவருக்காக ஊர் ஒரு தடவை உண்மையாகக் கலங்கி வாசலுக்கு வர வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு வேண்டியிருந்தது. அன்றைக்கு அவளும் அழவில்லை. சிரித்தவர்களுக்கு முன்னால் எப்படி அழுவது?

இந்த நிலையில்தான் கோயில் திரும்ப ஆரம்பித்தது. ஆட்டுக்கல் குழவி சுற்றுவதுபோல நிதானமாக, நாளுக்குக் கொஞ்சம், ஒரு காரை உதிராமல், ஒரு வௌவால் கலையாமல் திரும்பியது. படிக்கட்டு சாக்கடைப் பக்கம் இறங்குவதை ஒரு காலையில் மாசிலாமணி கண்டு சொல்ல, கமிட்டி கூடி, தொடர்ந்து கவனித்து வருவது என்று தீர்மானம் போட்டது. திருநெல்வேலியிலிருந்து ஒரு எஞ்சினியரைக் கூட்டிவந்தார்கள். அவர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்து, அஸ்திவாரத்தைத் தோண்டிப் பார்த்து, கட்டடத்தில் ஒரு கோளாறும் இல்லை, ஒருவேளை ஊர் திரும்புகிறதோ என்னவோ என்று சொல்லிவிட்டு, இளநீர் குடித்துவிட்டுப் போனார். ஒரு வாரம் எல்லோரும் அவரவர் வீட்டுக் கிணற்றை எட்டிப் பார்த்தார்கள்.

விசுவாசப்பிரமாணம் சொல்லும்போது சபையார் கிழக்கே ஆல்டரைப் பார்த்துத் திரும்பி நிற்பது வழக்கம். ஆல்டர் தெற்கே போய்விட்டதால், ஆல்டர் முக்கியம் என்றவர்கள் ஒரு பக்கமும் கிழக்கு முக்கியம் என்றவர்கள் ஒரு பக்கமும் பார்த்து நிற்க, கொஞ்ச நாளில் பாதி சபை மீதி சபையின் காதைப் பார்த்து விசுவாசத்தை அறிக்கையிட்டது. புதிதாக மாற்றலாகி வந்திருந்த இளம் குருவானவர் கிதியோன் ஐயா இதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார், மூடிய கண்ணுக்குத் திசை இல்லை என்று பிறகு சொல்லிக்கொண்டார்.

கோயில் வாசலுக்கு நேராக இருந்ததால் மேலத்தெருவுக்கு இருந்துவந்த மரியாதை, இப்போது வாசலோடு சேர்ந்து வீடு வீடாக நகர்ந்தது. கோயில் வாசல் எந்த வீட்டுக்கு நேராக வந்ததோ அந்த வீட்டில் அந்த வாரம் நடை வேறு மாதிரி இருக்கும், பேச்சு வேறு மாதிரி இருக்கும், வராத சொந்தமெல்லாம் வந்து தங்கும், ஒரு பெண்ணுக்கு நல்ல வரன்கூட வந்தது. வடக்குத்தெரு காண்டிராக்டர் ஒருவர், இங்கேதான் நிற்கும் என்று கணக்குப் போட்டு, மதிலை இடித்து, தாய் தகப்பன் பேரைப் பொறித்து கிரானைட்டில் வளைவு கட்டினார். கோயில் அவர் வளைவுக்கு நேராக வந்தது, போட்டோ எடுக்கும் மட்டும் நின்றது, அப்புறம் நகர்ந்துவிட்டது. அவர் அந்த வளைவில் இப்போது பாகற்கொடி ஏற்றியிருக்கிறார், காய்ப்பு பரவாயில்லை.

கடைசியில் கீழத்தெருப் பக்கம் வந்து, ரத்தினத்தின் பின்முற்றத்துக்கு நேராகக் கோயில் நின்றேவிட்டது. அந்தப் பக்கம் இடம் குறைவு. ஆகவே படிக்கட்டு மதிலைத் தாண்டி முற்றத்துக்குள் இறங்கி, ஆட்டுக்கொட்டிலை ஒட்டி உட்கார்ந்துகொண்டது. கோபுரம் இரண்டு பக்கமும் மதிலோடு நெருங்கிக்கொண்டதில் சுற்றிவர ஒரு பூனைக்குக்கூட வழியில்லை. பக்கவாசல்களைத் திறக்கலாம் என்று ஒருவர் சொன்னதும் பழைய சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியதால், அந்தப் பேச்சை அப்படியே விட்டுவிட்டார்கள். இனி கோயிலுக்குப் போக வேண்டுமென்றால் ரத்தினத்தின் வாசலில் ஏறி, முன்கூடமான பட்டாசாலையைக் கடந்து, அடுப்பாங்கரை வழியாகத்தான் போக வேண்டும்.

அந்த ஞாயிறு சபை முழுவதும் வெள்ளையும் சொள்ளையுமாகக் கீழத்தெருவில் வந்து நின்றது. கிதியோன் ஐயா அங்கியைக் கையில் மடித்துப் பிடித்துக்கொண்டு கதவைத் தட்டினார்.

"அம்மா, கோயிலுக்குப் போணும்."

"போங்க ஐயா. யாரு வேண்டாம்னது."

"வழி..."

"செருப்பக் கழட்டிட்டு வாங்க. அடுப்பாங்கரையில பால் வச்சிருக்கு, அங்கி பட்டுராம. ஆடு படியில படுத்திருக்கும், நீங்க சொன்னா எந்திரிக்காது, நான் வந்து சொல்லுதேன்."

இப்படியாக ஊர் அவள் வீட்டுக்குள் வரவும் போகவும் ஆயிற்று. ஞானஸ்நானத்துக்குக் குழந்தைகள் அம்மிக்கு மேலாகக் கைமாறிப் போயின. ஒரு கல்யாணப் பெண்ணின் வலைமுக்காடு கருவாட்டுப் பானையில் மாட்டி, மாப்பிள்ளை வீட்டார் ஆராதனை முடியும்வரை மூக்கைச் சுருக்கிக்கொண்டு இருந்தார்கள். பாடகர் குழு பாட்டுக்குப் பிந்திவிட்டு, ரத்தினம் வழியில் காப்பி கொடுத்தாள் என்று காரணம் சொன்னது, அது பொய்யுமில்லை. பட்டாசாலையில் எலியேசரின் படம் மாட்டியிருந்தது. மைக்கைப் பிடித்தபடி வாயைத் திறந்து சிரிக்கிற படம். போகிறவர்கள் எல்லோரும் அதைக் கடந்துதான் போக வேண்டும். முதல் வாரங்களில் குனிந்துகொண்டு போனார்கள், பிறகு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள், சிலர் "நல்ல மனுசன்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்கள். ரத்தினம் எல்லாவற்றையும் அடுப்பு வேலையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் மட்டும் அந்தப் படியில் ஏறவில்லை.

கோபுரம் வந்ததோடு மணிக்கயிறும் வந்திருந்தது. அடுப்பாங்கரையிலிருந்து பார்த்தால் தெரியும் தூரத்தில் தொங்கியது. மாசிலாமணி ஒரு நாள் அதைக் காட்டி, "எக்கா, நான் அந்தப் பக்கம் திரும்பி நிக்கேன். நீங்களே அடிச்சிருங்க" என்றார்.

"கயிறு எனக்கும் எட்டும்லே. எனக்கு நானே அடிச்சிக்கிடதுக்கா இத்தன நாள் இருக்கேன்?"

கிதியோன் ஐயாவும் வந்து கேட்டுப் பார்த்தார். "நான் அடிக்கச் சொல்லுதேம்மா. கமிட்டியை நான் பாத்துக்கிடுதேன்."

"நீங்க புதுசு ஐயா. எங்க வீட்டுக்காரரை நீங்க பாத்ததுகூட இல்ல. வேண்டாம்னு சொன்னவங்க அடிக்கணும்."

வேண்டாமென்று சொன்னவர், அதாவது ஞானசிகாமணி, எப்போதும் கூட்டத்தின் நடுவில்தான் வருவார், படம் இருக்கும் சுவர்ப் பக்கம் ஒரு ஆளை விட்டு அந்த ஆளின் மறைவில் நடப்பார். இத்தனைக்கும் அவர் நல்ல உயரம்.

வாசலில் நின்ற கோயில், பங்குனி வெயில் ஏறியதும் மறுபடியும் அசைந்தது. ஒரு காலையில் ரத்தினம் ஆட்டுக்குக் குழை போடப் போனவள், படிக்கட்டுக்கும் கொட்டிலுக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி விழுந்திருப்பதைப் பார்த்தாள். தெற்குத்தெருவுக்குப் போகப் போகிறது, அங்கிருந்து மேலத்தெருவுக்கு, பழைய இடத்துக்கு. இனி யாரும் இந்த வீட்டுக்குள் வர மாட்டார்கள், படத்துக்கு முன் நிற்க மாட்டார்கள், அவருக்கு மணியடிக்காத ஊர் அடிக்காத ஊராகவே போய்விடும். போகட்டும் என்று சொல்லிப் பார்த்தாள். சொல்ல வந்தது, மனசு கேட்கவில்லை. குழையைக் கையில் பிடித்தபடி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

அன்று பதினோரு மணி வெயிலில் ஞானசிகாமணி தனியாக வந்தார். அவரும் அந்த இடைவெளியைப் பார்க்கத்தான் வந்திருந்தார். பார்த்துவிட்டுத் திரும்பும்போது, மறைவுக்கு ஆள் இல்லாததால் படத்துக்கு நேராக வந்து நின்றுவிட்டார். ரத்தினம் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"கோயில் கெளம்புது போலருக்கு" என்றார்.

"ஆமா அண்ணாச்சி."

"இத்தன நாள் ஊரையே உன் வீட்டு வழியா விட்ட. பதிலுக்கு நீ ஒண்ணுமே கேக்கலியே."

"கேட்டேனே. அன்னைக்கு மழையில நின்னு கேட்டேன்."

ஞானசிகாமணி மேல்துண்டை எடுத்து மடியில் வைத்து, மடித்து, பிரித்து, மறுபடியும் மடித்தார். பள்ளிக்கூடம் முழுவதையும் ஒரு பார்வையில் அடக்கிய மனுஷன் அந்தத் துண்டோடு வெகுநேரம் பாடுபட்டார்.

"ரத்தினம், ஊருக்குத்தான் நான் சட்டம் சொன்னேன். எனக்குப் பயம். ரெண்டாவது மணி ஒரு ஆளைக் கேக்கும்னு எங்க ஆச்சி சொல்லும். கேட்டா யாரைக் கேக்கும்? ஊர்ல வயசாளி நான்தான். பைபாஸ் பண்ணின நெஞ்சு. மாசிலாமணி கயித்தத் தொட்டதும் எனக்கு இங்க புடிச்சிட்டு" என்று மார்பைக் காட்டினார். "எம்.ஏ. படிச்சவன். பிள்ளையளுக்கு சயின்ஸ் எடுத்தவன். இத வெளிய சொல்ல முடியுமா?"

ரத்தினத்துக்குச் சிரிப்பு வந்தது, ஆத்திரமும் வந்தது, இரண்டையும் அடக்கிக்கொண்டு காப்பியை ஆற்றி வைத்தாள். "நீங்க போனா உங்களுக்கு ஒரு மணி உண்டு அண்ணாச்சி. அவருக்கு இல்லியே. அவருக்கு அடிச்சது அவர் உயிரோட கேட்ட மணி. அத எப்பிடிக் கணக்குல வச்சீங்க?"

அவர் காப்பியைத் தொடவில்லை. படத்தைப் பார்த்தார், இந்தத் தடவை நேராகவே பார்த்தார். அப்புறம் கமிட்டியில் தீர்மானம் படிக்கிற குரலில், ஆனால் மெதுவாகச் சொன்னார்:

"அப்போ அந்த மொத மணி யாருக்கும் அடிக்காத மணி. சும்மா கெடக்கு. அது எனக்கு அடிச்சதா இருக்கட்டும்."

"என்ன சொல்லுதீங்க?"

"ஒரு ஆளுக்கு ஒரு மணி. எனக்கு அடிச்சாச்சு. நான் போறன்னைக்கு எனக்கு வேண்டாம். எலியேசருக்கு இன்னைக்கு அடிக்கேன்."

ரத்தினம் எதிர்பார்த்தது ஒரு மன்னிப்பு, அதிகம் போனால் ஒரு கண்ணீர். இது அவள் நினைக்காதது. ஊர் துட்டிக்கு வராமல் ஒரு மனுஷன் போவது எப்படி இருக்கும் என்று மேய்ப்பன்விளையில் அவளைவிட நன்றாக அறிந்தவர்கள் யாருமில்லை.

"மணி இல்லாட்டி ஊருக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி?"

"நீ போய்ச் சொல்லு."

"வீடு வீடாப் போய்ச் சொல்லுதேன்."

"சிரிக்காம வரச் சொல்லு" என்றார் ஞானசிகாமணி. ஆறிப்போன காப்பியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார்.

அடுப்பாங்கரை வழியாகப் போய், ஆட்டைத் தாண்டி, படியேறி, மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு அவரே கயிற்றைப் பிடித்தார். மாசிலாமணி ஓடிவந்து உதவிக்கு நீட்டிய கையைத் தட்டிவிட்டார். முதல் அடி விழுந்தது, தேரி மணல்வரைக்கும் போய்த் தேய்ந்தது, அதற்குப் பிறகுதான் இரண்டாவது அடி. அடிக்கும் ஒவ்வொரு தடவையும் அவர் தன் நெஞ்சு நிற்கிறதா என்று ஒரு கணம் கவனித்தார், நிற்கவில்லை என்று கண்டு அடுத்ததை அடித்தார். அவர் நெஞ்சு அதற்குப் பிறகும் பல வருஷம் நிற்கவில்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

மேய்ப்பன்விளையில் கடைகளைச் சாத்தினார்கள். அடுப்புகளை அணைத்தார்கள். பனங்காட்டிலிருந்தவர்கள் தலைப்பாகையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்கள். தெருவுக்குத் தெரு "யாருக்கு மணி? யாருக்கு மணி?" என்று கேட்டுக்கொண்டு வந்த கூட்டம், ரத்தினத்தின் வாசலில் அவளைக் கண்டு நின்றது. முன்னால் நின்ற பெண், அன்றைக்கு மழையில் சிரித்துக்கொண்டே படியேறியவர்களில் ஒருத்தி, கேட்டாள்.

"யாருக்கு மணி, எக்கா?"

"எங்க வீட்டுக்காரருக்கு" என்றாள் ரத்தினம். "போய்ட்டாரு."

இது எப்போதோ நடந்தது என்று யாரும் சொல்லவில்லை. கேட்டவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். ஆண்கள் செருப்பைக் கழற்றினார்கள். வீடு நிறைந்தது, பட்டாசாலையில் பெண்கள் ரத்தினத்தைக் கட்டிக்கொண்டு உட்கார, அன்றைக்கு அழாமல் வைத்திருந்ததையெல்லாம் அவள் வாய்விட்டு அழுது தீர்த்தாள். கிதியோன் ஐயா ஜெபப்புத்தகத்தோடு வந்தார், இடமில்லாமல் உரலின்மேல் உட்கார்ந்தார். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது, கோயில் வாசல் திறந்துதான் கிடந்தது. ஆனால் துட்டிக்கு வந்தவர்களில் ஒருவர்கூட அன்று அடுப்பாங்கரையைத் தாண்டிப் போகவில்லை.